வழிப்படியும் காப்புப்படியும்: தரவுத்தளப் படியெடுப்பில் நேரும் வழுக்களும் அவற்றை ஆராயும் முறையும்

1. முன்னுரை

ஒரு நூலுக்குப் படிகள் பலவாதல் அந்நூலுக்குக் காவலாம் என்பது சுவடியாராய்ச்சியிற் பயின்றோர் யாவரும் உடன்படும் கருத்தாகும். ஓரிடத்திருந்த ஏடு செல்லரித்து ஒழியினும், பிறிதோரிடத்திருந்த படியால் நூல் பிழைத்தமைக்குத் தமிழிலக்கிய வரலாற்றிற் சான்றுகள் பல உள. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறிடத்துப் படியில்லாதனவாய் அங்கிருந்தவை மீளா இழப்பாயின. எனினும், படிகள் பலவாதல் ஒன்றே போதிய காவலாகுமா என்னும் வினாவும் அதே சுவடியாராய்ச்சியினின்றே எழுகின்றது. பிழைமலிந்த ஓரேட்டைப் பார்த்துப் பதின்மர் எழுதிய பத்துப் படிகளும் அப்பிழையையே பத்து முறை கூறும். அவை எண்ணாற் பத்தாயினும் சான்று என்னும் நிலையில் ஒன்றேயாம்.

இவ்வுண்மை இன்று ஓலைக்கும் தாளுக்கும் மட்டும் உரியதன்று. சொல்லடைவுகளும், சுவடி விளக்கப் பட்டியல்களும், கல்வெட்டுத் தொகுதிகளும் கணிப்பொறித் தரவுத்தளங்களில் வைத்துப் பேணப்படும் காலம் இது. ‘தரவுத்தளத்துக்கு இரண்டு படிகள் உள’ என்று பொறுப்பாளர் கூறிய அளவில் ஆராய்ச்சியாளர் அமைதியுறுகின்றனர். அவ்விரண்டும் எவ்வகைப் படிகள், ஒன்றற்கொன்று எவ்வாறு உறவுடையன, மூலம் கெட்டவிடத்து எது நின்று உதவும் என்பனவற்றை வினவுவார் அரியர். பல்லாண்டு உழைப்பு ஓரிரு நொடியில் அழியக்கூடிய இடம் இதுவாதலின், இதனை மொழித்துறையினரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

தரவுத்தள மென்பொருள்கள் பலவாயினும், பல்கலைக்கழகங்களிலும் பிறவிடங்களிலும் மிகுதியாக வழங்கும் போஸ்ட்கிரெஸ் என்னும் கட்டற்ற மென்பொருளையே யாம் ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம். 2017ஆம் ஆண்டில் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் நேர்ந்து, அந்நிறுவனத்தாராலேயே முழுதும் வெளியிடப்பெற்ற ஒரு நிகழ்ச்சியைச் சான்றாக வைத்து ஆராய்வாம்.

2. சொற்பொருள் வரையறை

‘படி’ என்னும் ஒரு சொல்லால் மூன்று வேறு பொருள்கள் குறிக்கப்படுதலே இத்துறையில் நேரும் மயக்கங்களுக்கு முதற்காரணமாகும். ஆகலின் அவற்றைப் பிரித்துரைத்தல் முதற்கண் வேண்டப்படுவது.

மூலத் தரவுத்தளத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் இடையறாது பெற்றுத் தன்னையும் அவ்வாறே மாற்றிக்கொண்டு வரும் படி ஒன்று. இதனைப் பொறியாளர் ரெப்ளிக்கா என்பர். யாம் வழிப்படி என்போம். மூலத்தைத் தலைப்படி எனக் கொள்வோம்.

ஒரு குறித்த கணத்தில் வட்டிலிருந்த நிலையை அப்படியே நிறுத்திக்காட்டும் படி மற்றொன்று. இதனை ஸ்னாப்ஷாட் என்பர். யாம் கணநிலைப்படி என்போம்.

தலைப்படியோடு தொடர்பற்று, வேறிடத்தே வைக்கப்பெற்று, வேண்டுங்கால் மீட்டெடுத்தற்கு உரியதெனச் சோதித்தறியப்பட்ட படி மூன்றாவது. இதுவே பேக்கப் எனப்படும் காப்புப்படியாம்.

வழிப்படி தலைப்படியின் உடன்பிறப்புப் போல்வது. அதனோடு வாழ்ந்து அதனோடு மாறுவது. தலைப்படி இயங்கும் பொறி பழுதுற்றால் வழிப்படி அதன் இடத்தை ஏற்கும். ஆனால் தலைப்படியில் ஒருவர் ஓர் அட்டவணையைத் தவறாக நீக்கிவிடின், அந்நீக்கமும் ஒரு மாற்றமேயாதலின் வழிப்படியிலும் உடனே நிகழும். நெருப்பினின்று காக்கும் படி, கைப்பிழையினின்று காவாது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதார் வழிப்படியையே காப்புப்படியென மயங்குவர்.

3. வழிப்படி இயங்கும் முறை

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலில் தன் தரவுக் கோப்புகளில் நிலைபெறுத்துவதில்லை. செய்யவிருக்கும் மாற்றத்தை முன்னதாக ஒரு பதிவேட்டில் எழுதி, அது வட்டில் நிலைபெற்ற பின்னரே மாற்றம் முடிந்ததாக அறிவிக்கும். தரவுக் கோப்புகள் பின்னர் அதற்கேற்பத் திருத்தப்படும். இடையே மின்சாரம் அற்றாலும், மீண்டெழும்போது பதிவேட்டைப் படித்து விட்டவிடத்தினின்று தொடர்தற்கு இம்முறை உதவுகின்றது. இதனை முன்னெழுத்துப் பதிவேடு எனலாம். இயல்பான அமைப்பில் இப்பதிவேடு 16 மெகாபைட் அளவுள்ள துண்டங்களாக எழுதப்படும். தேவை தீர்ந்த துண்டங்கள் நீக்கப்படும் அல்லது மறுபடி பயன்கொள்ளப்படும்.

வழிப்படியின் இயக்கம் இப்பதிவேட்டையே அடிப்படையாகக் கொண்டது. தலைப்படி எழுதும் பதிவேட்டை வழிப்படி வரிசை பிறழாது பெற்றுத் தன் கோப்புகளில் ஏற்றிக்கொள்ளும். துண்டம் முழுதும் நிரம்பும்வரை காத்திராது, எழுத எழுத அனுப்பும் முறை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 9.0 பதிப்பிற் புகுத்தப்பட்டது. ஏடு சொல்வோன் ஒருவன், எழுதுவோன் ஒருவன் என அமர்ந்து படியெடுக்கும் முறையோடு இதனை ஒப்பிடலாம். சொல்வோனை எழுதுவோன் தொடர்ந்துவரும் அளவே படி நிறைவாம். தொடர முடியாது பின்தங்கின் குறைவாம். பின்தங்கிய பகுதியைச் சொல்வோனும் மறந்துவிடின் படியே பயனற்றதாம். வழிப்படிக்கு நேரும் வழுக்கள் பெரும்பாலும் இம்மூன்றனுள் அடங்கும்.

4. பின்தங்கலும் அதன் இடமறிதலும்

வழிப்படி பின்தங்கியது என்னும் செய்தி நோயின் பெயரன்று, நோயின் குறியேயாம். எங்கே தடை என்பதை அறிந்தபின்னரே மருந்து கூறல் தகும்.

தலைப்படியில் எழுதப்பெற்ற பதிவு, வழிப்படியிற் பயனளிக்குமுன் நான்கு நிலைகளைக் கடக்கின்றது. அனுப்பப்படுதல் முதலாவது, வழிப்படியின் இயக்க அமைப்பிடம் எழுதப்படுதல் இரண்டாவது, வட்டில் நிலைபெறுதல் மூன்றாவது, தரவுக் கோப்புகளில் ஏற்றப்படுதல் நான்காவது. இந்நான்கின் எல்லைகளையும் தலைப்படியிலேயே தனித்தனி எண்களாகக் காணுதற்கு அம்மென்பொருள் ஓர் அட்டவணையை வைத்துள்ளது. ஆராய்வோன் செய்யத்தக்கது அவ்வெண்களை அடுத்தடுத்து ஒப்பிடுதலேயாம்.

தலைப்படி எழுதிய எல்லைக்கும் அனுப்பிய எல்லைக்கும் இடையே பெருவெளி காணின், அனுப்பும் பகுதியோ வலையிணைப்போ காரணமாதல் கூடும். அனுப்பியதற்கும் எழுதியதற்கும் இடையே வெளி காணின், வழியிலோ பெறும் பகுதியிலோ தடையுளது. எழுதியதற்கும் நிலைபெற்றதற்கும் இடையே காணின் வழிப்படியின் வட்டு மெலிவுடையது. நிலைபெற்றதற்கும் ஏற்றியதற்கும் இடையே காணின், வலையும் வட்டெழுத்தும் குற்றமற்றவை. ஏற்றுதலே தாமதமாகின்றது என்பது பெறப்படும்.

ஏற்றுதல் தாமதமாதற்குச் சிறப்பான காரணம் ஒன்றுண்டு. வழிப்படியைப் படித்தற்கு மட்டும் திறந்துவிடுதல் வழக்கம். அங்கே ஒருவர் நெடுநேரம் ஓடும் தேடலொன்றைத் தொடங்கியிருப்பர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய வரிகளைத் தலைப்படி துப்புரவாக்கி நீக்கியிருக்கும். அந்நீக்கத்தை ஏற்றினால் தேடல் கெடும். தேடலைக் காத்தால் ஏற்றுதல் நிற்கும். இயல்பான அமைப்பில் மென்பொருள் 30 நொடி பொறுத்திருந்து, பின்னர்த் தேடலை நீக்கிவிடும். ‘தேடல் காரணமின்றி அறுகின்றது’ என்னும் முறையீடும், ‘வழிப்படி பின்தங்குகின்றது’ என்னும் முறையீடும் இவ்வொரு முரணின் இரு முகங்களேயாம். பொறுக்கும் காலத்தை நீட்டினால் முதலாவது தீர்ந்து இரண்டாவது வளரும்; குறைத்தால் இரண்டாவது தீர்ந்து முதலாவது வளரும். நெடிய ஆய்வுத் தேடலுக்கு ஒரு வழிப்படியும், தலைப்படிக்கு மாற்றாக நிற்றற்கு வேறொரு வழிப்படியும் வைத்தலே நேரிய தீர்வு.

காலத்தால் அளப்போர் மயங்குமிடம் ஒன்றையும் ஈண்டுச் சுட்டல் வேண்டும். கடைசியாக ஏற்றிய மாற்றத்தின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்துப் பின்தங்கலைக் கணிப்பார் உளர். இரவு முழுதும் தலைப்படியில் ஒருவரும் ஒன்றும் மாற்றாதிருந்தால், இக்கணக்குப்படி வழிப்படி பல மணிநேரம் பின்தங்கியதாகத் தோன்றும். உண்மையில் அது முழுதும் நிறைவாகவே இருக்கும். ஆதலின் காலக்கணக்கை எல்லைக்கணக்கோடு வைத்தே பொருள்கொள்ளல் தகும்.

5. பதிவேடு அறுதல்

வழிப்படி மிகப் பின்தங்கியவிடத்து, அதற்கு வேண்டிய பதிவேட்டுத் துண்டம் தலைப்படியில் முன்னரே நீக்கப்பட்டிருத்தல் கூடும். அந்நிலையில் ‘கேட்ட துண்டம் நீக்கப்பட்டுவிட்டது’ என்னும் பொருளுடைய செய்தி வழிப்படியின் குறிப்பேட்டில் திரும்பத்திரும்ப எழுதப்படும். இடையில் ஓரேடு சிதைந்த சுவடியைப் பின்னேடுகளால் நிரப்ப இயலாதவாறு போல, அத்துண்டமின்றி வழிப்படி ஓரடியும் முன்னேறாது.

இதற்குத் தீர்வு மூன்று. நீக்கப்படும் துண்டங்களை வேறிடத்தில் முறையாகச் சேர்த்துவைத்திருப்பின், வழிப்படி அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். இது தலையாயது. வழிப்படி பெறும்வரை துண்டத்தை நீக்காதிருக்குமாறு தலைப்படியில் ஓர் இடங்குறித்தல் செய்யலாம். 2014ஆம் ஆண்டின் 9.4 பதிப்பு முதல் இவ்வசதி உண்டு. இது இடையாயது. இடையாயது என்றதற்குக் காரணம், வழிப்படி நின்றுபோனதை ஒருவரும் அறியாராயின், தலைப்படி துண்டங்களைச் சேர்த்துக்கொண்டே சென்று தன் வட்டு நிரம்பித் தானும் நின்றுவிடும் என்பதே. இச்சேர்ப்புக்கு ஓரெல்லை வகுக்கும் வசதி 2020ஆம் ஆண்டின் 13ஆம் பதிப்பில் வந்தது. இவ்விரண்டும் செய்யாதார்க்கு எஞ்சியது, வழிப்படியை முற்றும் அழித்துத் தலைப்படியினின்று புதிதாகப் படியெடுத்தலேயாம். அழித்தல் என்னும் செயல் புகுமிடமாதலின் இது கடையாயதும் இடர் மிக்கதும் ஆகும்.

6. கணநிலைப்படியின் இயல்பும் குறையும்

கணநிலைப்படி பெரும்பாலும் முழுப்படி அன்று. எடுத்த கணத்திற்குப் பின் வட்டில் எப்பகுதி மாறுகின்றதோ அப்பகுதியின் பழைய வடிவை மட்டும் ஒருபுறம் ஒதுக்கிவைத்து, மாறாத பகுதிக்கு மூலவட்டையே சார்ந்து நிற்கும். ஆதலின் சில நொடியில் எடுக்கப்படுகின்றது. அதனாலேயே மூலவட்டு அழியின் தானும் அழிகின்றது. லினக்ஸ் அமைப்பில் வழங்கும் இவ்வகைப் பழைய முறையொன்றில், பழைய வடிவுகளை ஒதுக்கக் கொடுத்த இடம் நிரம்பிவிடின் அக்கணநிலைப்படி முழுதும் செல்லாததாகிவிடும்.

ஒருமைப்பாடு பற்றிய குறை வேறொன்று. தரவுக் கோப்புகளும் பதிவேடும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டிருப்பின், மின்சாரம் அற்று மீண்டெழுவது போல் அப்படியினின்று தரவுத்தளம் மீண்டெழும். அவ்விரண்டும் வேறு வேறு வட்டுகளில் இருந்து, வேறு வேறு கணங்களில் எடுக்கப்பட்டிருப்பின், அது ஒரு நூலின் முற்பாதியை ஒரு படியினின்றும் பிற்பாதியை ஒவ்வாத வேறு படியினின்றும் சேர்த்ததனோடு ஒக்கும். இயங்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை முறையின்றி ஒவ்வொன்றாகப் பெயர்த்தெழுதினும் இக்குற்றமே நேரும். முறைப்படி எடுத்த படியில், மீட்சியை எவ்விடத்திற் றொடங்குவது என்பதைக் கூறும் சிறுகோப்பு ஒன்று உடன்வரும். அதனைத் தேவையற்றதெனக் கருதி நீக்குவார் உளர். நீக்கிய பின்னும் தரவுத்தளம் எழுந்து இயங்குவது போலத் தோன்றலாம். உள்ளே தரவு சிதைந்திருக்கும். இயங்குதல் வேறு, செம்மையாதல் வேறு.

மொழியாராய்ச்சியாளர் சிறப்பாக அறியத்தக்க வழு ஒன்றும் உளது. தரவுத்தளம் சொற்களை விரைந்து தேடுதற்கு வரிசைப்படுத்திய அடைவுகளை அமைத்துக்கொள்ளும். அவ்வரிசையின் விதியை அது தானே வகுப்பதில்லை. இயக்க அமைப்பிலுள்ள நூலகத்தினின்று பெறுவதே பெருவழக்கு. 2018ஆம் ஆண்டில் லினக்ஸ் அமைப்பின் அந்நூலகம் 2.28ஆம் பதிப்பாக வெளிவந்தபோது அவ்வரிசை விதிகள் பெரிதும் திருத்தப்பட்டன. சொற்களிடை வரும் சிறுகோடு முதலிய குறிகளின் இடமும் மாறிற்று. தலைப்படி பழைய பதிப்பிலும் வழிப்படி புதிய பதிப்பிலும் இருப்பின், அடைவு ஓரெழுத்தும் பிறழாது வந்து சேர்ந்திருந்தும், படிக்கும் விதி வேறாதலின் உள்ள சொல்லை ‘இல்லை’ என்று வழிப்படி விடைகூறும். படியிற் பிழையில்லை, படிப்பதிற் பிழை. இதனை எந்தப் பின்தங்கற் கணக்கும் காட்டாது. இரு பொறிகளிலும் நூலகப் பதிப்பை ஒன்றாக்குதலும், பதிப்பு மாறிய விடத்து அடைவுகளைப் புதிதாக அமைத்தலுமே தீர்வு. சொல்லடைவு அமைப்போர்க்கு இது சிறுசெய்தியன்று.

7. 2017ஆம் ஆண்டு நிகழ்ச்சி

மேற்கூறிய வழுக்கள் ஒருங்குகூடியவிடத்து விளைவது யாது என்பதற்குக் கிட்லேப் நிகழ்ச்சி தக்க சான்றாம். நேரங்கள் யாவும் உலகப் பொது நேரத்தாற் கூறப்படுகின்றன.

2017 சனவரி 31ஆம் நாள் மாலை 5.20 மணியளவில் பொறியாளர் ஒருவர், சோதனைத் தளத்தைப் புதுப்பித்தற்பொருட்டுத் தலைப்படியினின்று கணநிலைப்படி ஒன்றை எடுத்தார். நாளுக்கு ஒருமுறை தானே நிகழ்வதை அன்று அவர் கையால் முன்னதாகச் செய்தார். மாலை 7 மணி முதல் தரவுத்தளத்தின் சுமை மிகுந்தது. இரவு 11 மணியளவில் வழிப்படி பின்தங்கி, வேண்டிய பதிவேட்டுத் துண்டங்கள் நீக்கப்பட்டமையால் அறுபட்டது. துண்டங்களை வேறிடத்திற் சேர்த்துவைக்கும் வழக்கம் அங்கு இல்லை. ஆகவே வழிப்படியை அழித்துப் புதிதாக எடுக்கும் கடைவழியே எஞ்சிற்று.

படியெடுக்கும் கருவியை இயக்கியபோது அது ஒன்றும் கூறாது நின்றது. இணைப்புகளின் எண்ணிக்கை போதாமையை ஒருமுறை கூறிற்று. அதனைத் திருத்திய பின்னரும் வாளாவிருந்தது. தலைப்படி தரவு அனுப்பத் தொடங்கும்வரை அக்கருவி அவ்வாறு அமைதியாய்க் காத்திருத்தல் அதன் இயல்பே என்பது பின்னரே தெளிவாயிற்று. முன்முயற்சிகளில் எஞ்சிய கோப்புகள் தடையாகலாம் எனக் கருதிய பொறியாளர், இரவு 11.30 மணியளவில், வழிப்படியின் கோப்பகத்தை அழிக்க எண்ணித் தலைப்படியின் கோப்பகத்தை அழிக்கும் கட்டளையை இட்டார். இரு பொறிகளின் பெயர்களும் ஓரெண் அளவிலேயே வேறுபட்டன. ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் அளவே எஞ்சிற்று.

பின்னர்க் காப்புப்படிகளை நாடினர். நாள்தோறும் எடுத்து வேறிடத்தே வைக்கப்படுவதாகக் கருதப்பட்ட படிகளின் சேமிப்பிடம் வெறுமையாயிருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பாக இருக்க, படியெடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இயங்கிப் பிழைகூறி நின்றிருந்தது. அப்பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்புநர் சான்றின்மையாற் பெறுமிடத்தில் மறுக்கப்பட்டிருந்தன. வட்டுகளின் கணநிலைப்படி வசதி வேறு பொறிகளுக்கு இருந்தது. தரவுத்தளப் பொறிகளுக்கு இல்லை. முடிவில் உதவியது மாலை 5.20 மணிக்குச் சோதனைக்கென எடுத்த படியே. அதனை மெலிந்த வட்டுகளினின்று பெயர்த்தெடுக்க ஏறத்தாழ 18 மணிநேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணிநேரத்துக்கு மேற்பட்ட தரவு இழக்கப்பட்டது; ஏறத்தாழ 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 பயனர் கணக்குகளும் தாக்குற்றன என அந்நிறுவனம் கணக்கிட்டது. நிரல்களின் களஞ்சியங்கள் தரவுத்தளத்துக்குப் புறம்பே வைக்கப்பட்டிருந்தமையால் அவை அழியவில்லை.

8. இதனாற் பெறப்படுவன

இந்நிகழ்ச்சியை ஒருவரது கைப்பிழையெனச் சுருக்கிக் கூறல் பொருந்தாது. கைப்பிழை ஒரு நொடியில் நிகழ்ந்தது. காப்புப்படிகளின் குறையோ முன்னரே நிலவி, ஒருவராலும் அறியப்படாதிருந்தது. அந்நிறுவனமும் இழப்பின் வேரைக் காப்புமுறையின் குறையிலேயே கண்டது. இதனின்று நான்கு முடிபுகள் பெறப்படும்.

முதலாவது, வழிப்படியின் எண்ணிக்கை காப்புப்படியின் எண்ணிக்கையாகாது. வழிப்படியையே கைப்பிழைக்குக் காவலாக்க விரும்புவார், மாற்றங்களைச் சில மணிநேரம் தாழ்த்தி ஏற்றும் வழிப்படி ஒன்றைத் தனியே வைத்தல் வேண்டும். அதுவும் அத்தாழ்த்தலுக்குள் பிழை உணரப்பட்டாலன்றிப் பயன்படாது.

இரண்டாவது, பிழையைக் கூறும் செய்தி வாராமை பிழையில்லாமைக்குச் சான்றாகாது. ‘தவறியது’ என்னும் அறிவிப்பை எதிர்பார்த்திருப்பதினும், ‘முடிந்தது, இத்துணை அளவு’ என்னும் அறிவிப்பு நாள்தோறும் வருதலையும், வாராத நாளில் வினவுதலையும் வழக்கமாக்கலே தக்கது.

மூன்றாவது, மீட்டுப் பார்க்கப்படாத படி காப்புப்படி எனப்படாது. படித்துப் பார்க்காத ஏட்டை நூலின் படியென்று கொள்ளாமை போல, வேறொரு பொறியில் ஏற்றி வரிகளை எண்ணி ஒப்புநோக்கியபின்னரே அப்பெயர் அதற்கு உரியதாகும். மீட்புக்கு ஆகும் காலத்தையும் அப்போதே அளந்து வைத்தல் வேண்டும்.

நான்காவது, அழிக்கும் செயலுக்கு முன் பெயர்த்துவைக்கும் செயல் நிகழவேண்டும். கோப்பகத்தை நீக்குதற்கு மாறாக அதன் பெயரை மாற்றி வைத்தால், இடம் தவறியபோதும் தரவு எஞ்சும். தலைப்படிக்கும் வழிப்படிக்கும் ஓரெண்ணளவில் வேறுபடும் பெயர் இடாமையும், கட்டளையிடும் திரையில் இது தலைப்படியென்று தெளியத் தோன்றச் செய்தலும் இதனோடு சேர்த்தெண்ணத்தக்கன.

9. முடிவுரை

தரவுத்தளத்தைப் பேணுதல் பொறியாளர் தொழில். ஆயினும் அதிலுள்ள பொருள் ஆராய்ச்சியாளர் உடைமை. ஆகவே ஒவ்வொரு துறையும் தன் தரவுத்தளப் பொறுப்பாளரை ஐந்து வினாக்கள் வினவுதல் தகும். தலைப்படியோடு தொடர்பற்ற படி எங்குள்ளது? அது எந்நாளில் எடுக்கப்பட்டது? அதனை இறுதியாக மீட்டுப் பார்த்தது எப்போது? மீட்க எத்துணை நேரம் ஆயிற்று? இன்று தலைப்படி அழியின் எத்துணை மணிநேர உழைப்பு இழக்கப்படும்? இவ்வைந்திற்கும் நாளும் அளவும் சுட்டி விடை கிடைப்பின் அத்தரவு காவலுடையது. ‘இரண்டு படிகள் உள’ என்பதே விடையாயின், ஆராய்ச்சி அன்றே தொடங்கப்படல் வேண்டும்.